சோழமும் வேங்கியும் ஒன்றான வரலாறு

காஞ்சிமாநகரை அடுத்து, வேகவதியாற்றின் அருகே விளங்குவது நம் திருப்பருத்திக்குன்றம். சினகாஞ்சி எனப்படும் இவ்வூர்த் திரைலோக்கியநாதர் கோயிலில் முதற் குலோத்துங்க சோழன், அவன் மைந்தன் விக்கிரம சோழன் ஆகியோர் காலத்துச் சாசனங்கள் உள்ளன. இவ்விருவரும் தந்தைவழியிற் சோழரல்லர் என்பதை நம்மவருள் அறிவார் சிலரே. இரு நாடுகள் ஒரு குடைக்கீழ் வந்ததும், அப்பிணிப்பு நெகிழ்ந்ததும் இவர்கள் காலத்தே நிகழ்ந்தன. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கிருஷ்ணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட வேங்கி நாட்டைக் கீழைச் சாளுக்கியர் ஆண்டனர். முதல் இராசராசன் தன் மகள் குந்தவையை அக்குலத்து விமலாதித்தனுக்கு மணஞ்செய்வித்தான். அவர்தம் புதல்வன் இராசராச நரேந்திரன், முதல் இராசேந்திரன் மகள் அம்மங்கைதேவியை மணந்தான். இவர்க்குத் தோன்றியவனே குலோத்துங்கன். ஆகவே அவன் குலத்தாற் சாளுக்கியன்; தாயாலும் பாட்டியாலும் சோழன்.

1070-ஆம் ஆண்டில் வீரராசேந்திரன் இறந்தான். அவன் மகன் அதிராசேந்திரனும் சில திங்களில் மறைந்தான். அந்நிலையில் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறினான். அதிராசேந்திரனுக்கு மைத்துனனாகிய மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் இவ்விணைப்பைப் பொறாது பகைத்தான்.

முடி இணைந்த அளவில் நாடு இணைந்துவிடுமோ? இணையாது என்பதைக் குலோத்துங்கன் நன்குணர்ந்தான். சிறிய தந்தை விசயாதித்தன் வேங்கியை ஆண்டு மறைந்தபின், தன் மக்களையே ஒருவர்பின் ஒருவராக அங்கு அனுப்பினான். முதலிற் சென்ற மும்முடிச்சோழன், அரசாளுதலினும் பெற்றோர் அடித்தொண்டே இனிதென்று ஓராண்டில் மீண்டான் எனச் செப்பேடு கூறும். அதன்பின்னும் வேங்கி இளவரசரின்றி விடப்படவில்லை. வீரசோழன் முதலியோர் அங்கிருந்து ஆண்டனர். 1086-இல் சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டது. சுங்கமும் நீக்கப்பட்டது, ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ என்னும் பெயர் அதனால் வந்ததே.

1118-இல் முதுமையெய்திய வேந்தன், வேங்கியிலிருந்த விக்கிரம சோழனை இளவரசுப் பட்டம் சூட்ட அழைத்துக்கொண்டான். காவலன் அகன்றதும் ஆறாம் விக்கிரமாதித்தன் படை வேங்கியைக் கைக்கொண்டது. ஏறக்குறைய நாற்பத்தெட்டாண்டு நின்ற பிணிப்பு நெகிழ்ந்தது. விக்கிரமாதித்தன் 1126-இல் இறந்தபின்னரே விக்கிரம சோழன் அங்கு மீண்டும் ஆணை செலுத்த இயன்றது.

அன்பர்காள்! மூன்று தலைமுறைப் பெண்கொடையால் வளர்ந்த இணைப்பு, ஒருவன் வடக்கிருந்து தெற்கே வந்த அளவில் தளர்ந்தமை கருதற்பாலது. மணத்தால் உறவு பிறக்கும். உடனிருந்து பேணுதலாலன்றி அது நில்லாது. நாட்டிற்கு உரிய இவ்வுண்மை நம் இல்லங்கட்கும் உரியதே. இனிக் கோயிலுக்குச் செல்லுங்கால் அச்சாசனங்களின்முன் சற்றே நின்று, நம் சிறார்க்கு இவ்வரலாற்றை உரைப்போமாக.