மத்தளம்பாறையும் ஜெனிவாவும்: சோஹோவின் கணினிப் பாதுகாப்பு வரலாறு

பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பாதுகாப்பை அடிபட்டுத்தான் கற்றிருக்கின்றன. கோட் ரெட், நிம்டா புழுக்கள் 2001இல் உலகக் கணினிகளை முடக்கின. புதிய வசதிகளைவிடப் பாதுகாப்பே முதன்மை என்று பில் கேட்ஸ் தம் ஊழியர்களுக்கு எழுதியது அதற்குப் பிறகு, 2002 ஜனவரியில். நம் பகுதியில் இந்தப் பாதையில் நடந்த நிறுவனம் சோஹோ. 1996இல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கி, 2009இல் பெயர் மாற்றிக்கொண்டு, 2011இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது.

சோஹோவின் பாதுகாப்புப் பார்வைக்கு அடித்தளம் தற்சார்பு. தன் சேவைகளைப் பிறரது மேகக்கணினியில் வாடகைக்கு வைக்காமல் தானே நடத்தும் தரவு மையங்களில் வைத்திருக்கிறது. பயனர் தரவை விளம்பரத்துக்கு விற்பதில்லை. 2018 செப்டம்பர் 24 அன்று இந்தத் தற்சார்பில் இருந்த இடைவெளி வெளிப்பட்டது. சோஹோ மின்னஞ்சல் வழியாக ஃபிஷிங் நடப்பதாக வந்த புகார்களைக் காட்டி, டொமைன் பதிவு நிறுவனம் சோஹோவின் இணைய முகவரியையே முடக்கியது. லட்சக்கணக்கானோரின் அலுவல் நின்றது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியதாயிற்று.

இதைவிடக் கடுமையான சோதனை மேனேஜ்எஞ்சின் பிரிவுக்கு வந்தது. சோஹோவின் இணையச் சேவைகளில் ஓட்டை கண்டால் நிறுவனமே அன்றே அடைத்துவிடலாம். மேனேஜ்எஞ்சின் தயாரிப்புகளில் பல வாடிக்கையாளரின் சொந்த சர்வரில் ஓடுபவை. ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச்சை வெளியிடுவதோடு நிறுவனத்தின் கை நின்றுவிடுகிறது. அந்த மென்பொருள்களோ ஓர் அலுவலகத்தின் கணினிகள், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் ஆள்பவை. சாவிக்கொத்து இருக்கும் அறையைத்தான் திருடன் முதலில் தேடுவான்.

2020 மார்ச் 5 அன்று, மேனேஜ்எஞ்சின் தயாரிப்பான டெஸ்க்டாப் சென்ட்ரலில் இருந்த ஓட்டையை ஓர் ஆய்வாளர் நிறுவனத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் பொதுவெளியில் போட்டார். ஆய்வாளர்களை சோஹோ பொருட்படுத்துவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். இரண்டே நாளில் பேட்ச் வந்தது. மறுநாளே ஏபிடி41 என்னும் ஹேக்கர் குழு தாக்கத் தொடங்கியது. பேட்ச் வெளியிட்ட வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் வெளியாரின் எச்சரிக்கையைக் கேட்கும் வழி முன்பே நம்பகமாக இருந்திருந்தால் அந்த ஓட்டப்பந்தயமே நடந்திராது என்பது என் கருத்து.

2021 செப்டம்பரில் மேனேஜ்எஞ்சினின் மற்றொரு தயாரிப்பான ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ்ஸில், உள்நுழைவுச் சோதனையைத் தாண்டிச் செல்லவிடும் ஓட்டை (சிவிஇ-2021-40539) தெரியவந்தது. பேட்ச் உடனே வந்தது; அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, எஃப்பிஐ, கடலோரக் காவல்படை மூன்றும் செப்டம்பர் 16 அன்று கூட்டாக எச்சரித்தன. ஆயினும் நவம்பர் 9 அன்று, அடைபடாத இதே ஓட்டை வழியாக ஜெனிவாவிலுள்ள சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களுக்குள் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். 2022 ஜனவரி 18 அன்றுதான் அது கண்டறியப்பட்டது. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனோர், சிறைப்பட்டோர் என 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அம்பலமாயின. பேட்ச் வந்து இரண்டு மாதம் ஆகியும் போடவில்லை என்பதைச் செஞ்சிலுவைக் குழு ஒளிக்காமல் அறிவித்தது. அந்த நேர்மையை இந்திய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கைக்கொள்ள வேண்டும்.

2022 இறுதியில் வந்த சிவிஇ-2022-47966 என்ற ஓட்டை வேறு வகை. அப்பாச்சி சாண்டுவாரியோ என்ற திறந்தமூல நூலகத்தின் மிகப் பழைய பதிப்பைப் பயன்படுத்தியதால், இருபதுக்கும் மேற்பட்ட மேனேஜ்எஞ்சின் தயாரிப்புகள் ஒரே சமயத்தில் பாதிப்புக்குள்ளாயின. எல்லாம் சொந்தமாகச் செய்யும் நிறுவனத்துக்கும் அடியில் பிறர் எழுதிய நிரல் இருக்கிறது. அதைப் புதுப்பித்துவைக்கும் பொறுப்பு, எடுத்துக்கொண்டவருடையது.

இன்று சோஹோ குறை கண்டு சொல்பவர்களுக்குப் பரிசளிக்கிறது. ஓட்டைகளை எண்ணிட்டு வெளியிடுகிறது. இவை உண்மையான முன்னேற்றங்கள். மீதிப் பொறுப்பு சர்வரை வைத்திருப்பவர்களிடம் இருக்கிறது. நெல்லையிலும் தென்காசியிலும் கல்லூரி, மருத்துவமனை, கூட்டுறவு வங்கிகளில் கணினிப் பிரிவைக் கவனிப்பவர்கள், தங்களிடம் ஓடும் மென்பொருளின் பதிப்பு எண்ணை இன்றே பார்த்து, நிலுவையிலுள்ள பேட்ச்களைப் போட்டுவிடுங்கள்.