களர்க் கிணறு முதல் சலவைத் தூள் வரை

புறநானூற்றின் 311-ஆம் பாடலை ஔவையார் பாடியிருக்கிறார். ஒரு வீரனின் தூய வெள்ளாடை அதில் பேசப்படுகிறது. அந்த ஆடை எவ்வாறு வெளுக்கப்பட்டது என்பதையும் புலவர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். களர் நிலத்தில் கிணறு தோண்டி, அந்த நீரில் ஒரு பெண் நாள்தோறும் துவைத்துத் தந்த ஆடையாம் அது. களர் நீர் குடிக்க உதவாது, பயிருக்கும் ஆகாது. துணி துவைப்பதற்கென்று அத்தகைய நிலத்தைத் தேடிக் கிணறு தோண்டுவானேன்?

விடை வேதியியலில் இருக்கிறது. களர் மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. கடையில் நாம் சலவைச் சோடா என்று வாங்குவதும் அதுதான். கோடையில் ஈரம் உலரும்போது இந்த உப்பு மண்ணின் மேற்பரப்பில் வெண்பொடியாகப் பூத்து நிற்கும். அத்தகைய மண்ணைத்தான் நம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் என்று சுரண்டி எடுத்து மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள். சலவையின் வரலாற்றை ஒரு விதத்தில் இந்த ஓர் உப்பின் வரலாறு என்றே சொல்லிவிடலாம்.

சோடா என்ன செய்கிறது? துணியில் படியும் வியர்வையிலும் தோலின் எண்ணெயிலும் கொழுப்பு அமிலங்கள் உள்ளன. சோடாவின் காரத்தன்மை இவற்றுடன் கூடித் துணியின் மேலேயே சிறிதளவு சோப்பை உண்டாக்கிவிடும். ஆனால் வீட்டுச் செலவைப் பொறுத்தவரை அதன் இரண்டாவது வேலையே முக்கியமானது. கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. இவை மிகுந்த நீரைக் கடின நீர் என்கிறோம். அதில் சோப்பைப் போட்டால் முதலில் கால்சியம் வந்து சோப்பைப் பிடித்துக்கொள்ளும். கரையாத வெண்திரையாக மிதக்கும். நுரை வராது. கால்சியம் முழுவதும் தீர்ந்த பிறகே சோப்பு அழுக்கைக் கவனிக்கும்.

இதனால் எவ்வளவு சோப்பு வீணாகிறது? கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் நம் ஊர்க் கிணறுகளில் அபூர்வமன்று. அந்த நீர் 20 லிட்டர் கொண்ட ஒரு வாளியில், கால்சியம் கார்பனேட் கணக்கில் 6 கிராம் இருக்கும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 6 கிராம் சோப்பு வீதம், 36 கிராம் சோப்பு திரையாகிப் போகும். ஒரு துணிகூட இன்னும் வெளுக்கவில்லை! அதே கால்சியத்தை வீழ்படிவாக்க ஆறரை கிராம் நீரற்ற சோடா போதும். சோடா மலிவு, சோப்பு விலை கூடியது. ஆகவே முதலில் சோடாவைக் கரைத்துச் சற்று நேரம் விட்டு, அதன் பிறகு சோப்பைப் பயன்படுத்த வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை. வீணான சோப்புத் திரை அத்துடன் தொலைவதும் இல்லை. அது துணியின் இழைகளுக்கிடையே படிந்து, வெள்ளைத் துணியை நாளடைவில் சாம்பல் நிறமாகவும் மொரமொரப்பாகவும் ஆக்கிவிடுகிறது.

நீரின் கடினத்தன்மையைச் சோப்பைக் கொண்டே அளக்கலாம் என்று காட்டியவர் ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகர வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க். சுண்ணாம்பைச் சேர்த்து நீரை மென்மையாக்கும் முறைக்கு அவர் 1841-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய சோப்புச் சோதனையை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு சீசாக்களில் சம அளவு மழைநீரும் கிணற்று நீரும் எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நிலையான நுரை வருவதற்கு எந்தச் சீசாவுக்கு எத்தனை சொட்டு என்று எண்ணினால், உங்கள் வீட்டுச் சோப்புச் செலவின் இரகசியம் விளங்கிவிடும்.

களர்க் கிணற்றுக்குத் திரும்புவோம். சோடா மிகுந்த நீரில் கால்சியம் கரைந்து நிற்க முடியாது. ஆகவே களர் நீர் இயற்கையிலேயே மென்மையாக்கப்பட்ட நீர். சோப்பு என்பதே அறியாத அக்காலத்துப் பெண்கள் இந்த நீரைத் தேர்ந்தெடுத்தது வேதியியல் படித்தன்று. பலகாலம் பார்த்துப் பழகிய அறிவால்தான். துணிக்குக் கஞ்சி தோய்க்கும் பெண்ணைக் குறுந்தொகை காட்டுகிறது. கஞ்சி ஏதோ விறைப்புக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். அழுக்கு இழையில் ஒட்டாமல் கஞ்சிப் படலத்தில் ஒட்டும். அடுத்த சலவையில் கஞ்சியோடு அதுவும் கரைந்து போகும். இத்தனை நுட்பம் தெரிந்தவர்களைத்தான் நம் சமூகம் ஊரின் ஓரத்தில் நிறுத்தி வைத்து, வீடு வீடாகச் சோறு வாங்க வைத்தது.

அவர்களுடைய வெள்ளாவியும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உவர்மண் கரைசலில் நனைத்த துணிகளை, நீர் கொதிக்கும் பானையின் வாய்மேல் அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வைப்பார்கள். காரமும் வெப்பமும் நேரமும் சேர்ந்து அழுக்கை நெகிழச் செய்துவிடும். பின்பு ஆற்றில் அலசி வெயிலில் விரிப்பார்கள். பருத்தி இதையெல்லாம் தாங்கும், ஏனெனில் அது செல்லுலோஸ். பட்டும் கம்பளியும் புரதங்கள். சூடான காரம் புரதத்தை அரித்துவிடும். அதனால்தான் பட்டுக்குப் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள சாப்போனின் என்னும் பொருள் நுரைக்கும். ஆனால் காரம் அன்று. இந்த வேறுபாட்டை நான் பாடநூலில் படிப்பதற்கு முன் ஒரு பட்டு வேட்டியைக் கொடுத்துத்தான் கற்றேன். நன்றாக வெளுக்கட்டும் என்று சுடுநீரில் சோடாவைக் கரைத்து ஊறவைத்தேன். பளபளப்பு போயிற்று, மூன்றாம் முறை உடுத்தியபோது மடிப்பில் இழை விட்டது.

ஐரோப்பாவில் களர்க் கிணறுகளின் இடத்தில் சாம்பல் இருந்தது. மரச் சாம்பலிலிருந்தும் கடற்கரைச் செடிகளின் சாம்பலிலிருந்தும் காரம் எடுத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ணாடி, துணி, சோப்பு ஆகிய மூன்று தொழில்களும் ஒருசேர வளர்ந்தபோது சாம்பல் போதவில்லை. உப்பிலிருந்து சோடா செய்து காட்டுபவருக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. நிக்கோலா லெப்ளாங் என்னும் மருத்துவர் அம்முறையைக் கண்டு 1791-இல் காப்புரிமை பெற்றார். சாதாரண உப்பைக் கந்தக அமிலத்துடன் சூடாக்கிச் சோடியம் சல்பேட் ஆக்கி, அதைச் சுண்ணாம்புக்கல்லுடனும் கரியுடனும் சேர்த்து எரித்தால் சோடா கிடைக்கும். அவருக்குப் பணம் கொடுத்த ஆர்லியன்ஸ் கோமகன் 1793-இல் புரட்சியாளர்களால் கொல்லப்பட்டார், தொழிற்சாலை பறிமுதலாயிற்று. பரிசும் கைக்கு வரவில்லை. பின்னர் தொழிற்சாலை திரும்பக் கிடைத்தும் அதை நடத்த முதல் இல்லாமல், 1806-இல் லெப்ளாங் தற்கொலை செய்துகொண்டார்.

அவர் முறை மட்டும் இங்கிலாந்தில் பெருகியது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமில வாயு புகைபோக்கிகள் வழியே வெளியேறி, சுற்றுப்புற மரங்களைக் கருக்கிற்று. 1863-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. துணி வெளுத்தது, ஊர் கறுத்தது எனலாம். பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே, உப்புநீர், அம்மோனியா, கரியமிலவாயு ஆகியவற்றைக் கொண்டு 1861-இல் வேறு முறை கண்டார். இதில் அம்மோனியாவை மீட்டு மறுபடியும் பயன்படுத்தலாம், செலவு குறைவு. குஜராத்தின் மித்தாப்பூரில் 1939-இல் தோன்றிய டாடா இரசாயன நிறுவனமும், 1980-களில் தூத்துக்குடியில் சோடா செய்யத் தொடங்கிய ஆலையும் சால்வே வழியில் வந்தவையே.

சோடா மலிந்ததும் சோப்பும் மலிந்தது. இங்கிலாந்தில் சோப்பின் மேல் 1712 முதல் இருந்த வரி 1853-இல் நீக்கப்பட்டது. ஆடம்பரப் பொருள் அடுக்களைப் பொருளாயிற்று. 1888-இல் சன்லைட் சோப்புக் கட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. ஆனால் சோப்பு எண்ணெயையும் கொழுப்பையும் தின்று வளரும் பண்டம். முதல் உலகப் போரில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்தபோது ஜெர்மானியர் அதற்கு மாற்றுத் தேடினார்கள். அந்த வழியில் வந்தவையே டிடர்ஜெண்டுகள். இவற்றின் கால்சியம் உப்புகள் பெரும்பாலும் நீரில் கரைவதால் கடின நீரிலும் திரை கட்டுவதில்லை.

இந்தியாவில் 1959-இல் சர்ஃப் தூள் விற்பனைக்கு வந்தது. எளிய குடும்பங்களுக்கு அது எட்டாத விலை. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்னும் வேதியியலர் தம் வீட்டுக் கொல்லையில் ஒரு மஞ்சள் தூளைக் கலந்து, சைக்கிளில் எடுத்துச் சென்று கிலோ 3 ரூபாய்க்கு விற்றார். அதுதான் நிர்மா. அந்த மலிவு எப்படி வந்தது? தூளில் பெரும்பகுதி சலவைச் சோடா, டிடர்ஜெண்ட் கொஞ்சமே. காகிதப் பொட்டலத்தில் வந்த களர்க் கிணறு என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது. அதன் குறையும் களர் நீரின் குறையே: கை எரியும், பட்டு பாழாகும். பருத்தி வேட்டிக்கும் பள்ளிச் சீருடைக்கும் அது ஏற்றது. 2007-இல் இதே நிர்மா நிறுவனம் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சியர்ல்ஸ் என்னும் வறண்ட ஏரிப்படுகையிலிருந்து இயற்கைச் சோடா எடுக்கும் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அந்த ஏரியும் மிகப் பெரிய களர் நிலம்தானே!

1959-இல் ஹெர்பர்ட் சின்னர் என்னும் ஜெர்மானிய வேதியியலர் சலவையை நான்கு கூறுகளாகப் பிரித்தார்: இரசாயனம், வெப்பம், அடித்துக் கசக்கும் விசை, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். நம் வீடுகளில் நேரத்தைக் குறைத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தூளையும் தூரிகையையும் கூட்டுகிறோம். நான்கிலும் காசில்லாமல் கிடைப்பது நேரம். துணிக்கு மிகுந்த கேடு செய்வது விசை. துவைக்கும் கல்லில் ஓங்கி அடிக்கும்போது இழைகள் ஒடிகின்றன. காலர் மடிப்பும் வேட்டிக் கரையும் முதலில் கிழிவது அதனால்தான். அரை மணி நேரம் ஊறவைத்த சட்டைக்குக் கையால் கசக்குவதே போதும். எனினும் இரவெல்லாம் காரத்தில் ஊறப்போடுவது சாயத்துணிக்கு ஆகாது. ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறிவிடும்.

இரத்தம், பால், முட்டைக் கறைகளுக்கு வெப்பமும் பகை. சூடு பட்டால் புரதம் உறைந்து இழையைப் பற்றிக்கொள்ளும். ஆகவே முதலில் பச்சைத் தண்ணீரே ஏற்றது. புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தலாம் என்று ஜெர்மனியின் ஆட்டோ ரோம் 1913-இல் காப்புரிமை பெற்றார். விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைச் சோடாவோடு கலந்து விற்றார்கள். இன்றைய தூள்கள் பலவற்றில் நுண்ணுயிர்களிடமிருந்து பெற்ற நொதிகள் இருக்கின்றன. அவை வேலை செய்ய நேரம் வேண்டும், கொதிநீரில் அழிந்துவிடும். நொதித் தூளை வாங்கிவந்து கொதிநீரில் கரைப்பவர் நொதிக்குக் கொடுத்த காசைக் கொட்டிவிடுகிறார். உறையின் மேல் நொதி அல்லது என்சைம் என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிட்டு, கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் பாதித் தூளிலேயே வேலை முடியக்கூடும். கடைசி அலசலில் சோப்பு வழவழப்பு போகும்வரை நீர் மாற்றுங்கள். எஞ்சிய காரத்தோடு காய்ந்த வெள்ளைத் துணிதான் பெட்டியில் மடித்து வைத்த இடத்தில் மஞ்சள் பூக்கிறது.