நூற்ற கையின் கூலி

1921 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் காந்தியடிகள் அரையாடை பூண்டார். இதனை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிட்டோம். அதே துணியைக் குறித்துப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுப்பிய வினாவை நம்மில் பலர் அறியோம். அந்நூலை நூற்றவளுக்குக் கிடைத்த கூலி என்ன என்பதே அவ்வினா.

1925 இல் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கம், கதரை மலிவாக விற்கவே பத்தாண்டுகள் முயன்று வந்தது. அம்மலிவு நூற்கும் பெண்ணின் வயிற்றிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதைக் காந்தியடிகள் கண்டார். எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா தரவேண்டும் என்று 1935 இல் வலியுறுத்தினார். அத்தொகையை உடனே எட்ட இயலவில்லை, குறைவாகவே தொடங்கினர். ஆயினும் வரையறுத்த கூலியைத் தராத கதர் நிலையங்களுக்குச் சங்கத்தின் சான்று இல்லையென்றாயிற்று. கதரின் விலை ஏறிற்று. விற்பனை படுத்துவிடும் என்று அஞ்சியவர்கள் சங்கத்துக்குள்ளேயே இருந்தனர்.

வாங்குவோர் தனி மனிதராக இருந்தால் அவர் மனச்சான்றை நம்பியிருக்க வேண்டும். வாங்குவது அரசானால்? அரசு துணி வாங்குவது இந்நாட்டுக்குப் புதிதன்று. நாட்டை ஆளத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, முன்பணம் கொடுத்து நெசவாளியைப் பிணைத்து, டச்சுக்காரருக்கோ உள்ளூர் வணிகருக்கோ கூடுதல் விலைக்கு விற்கவொட்டாமல் தடுத்தது. அது கொள்முதலா, சிறைப்பிடிப்பா என்று நாம் கேட்பது தவறாகாது.

அக்கம்பெனியை ஈன்ற இங்கிலாந்திலேயே, அரசு ஒப்பந்தம் பெறுவோர் அத்தொழிலில் வழங்கும் நியாயக் கூலியைத் தரவேண்டும் என்று 1891 இல் பொதுமக்கள் சபை தீர்மானித்தது. 1949 இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதனையே தனது 94 ஆம் உடன்படிக்கையாக்கியது. இந்தியா அதனை ஏற்று உறுதி செய்யவில்லை. இங்கிலாந்தும் தன் தீர்மானத்தை 1983 இல் கைவிட்டது.

அதே 1983 இல்தான் தமிழகத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சி ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டத்தைத் தொடங்கியது. பொங்கலுக்குப் புத்தாடை என்பது அதன் ஒரு முகம். தறி ஓயாமல் நெசவாளிக்கு வேலை கொடுப்பது மறுமுகம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாக ஆர்டர் செல்கிறது. தறிக்காரருக்குக் கூலி இன்னதென்று அரசே குறிக்கிறது. அக்கூலி போதுமா என்ற வழக்கு ஓயவில்லை. கைத்தறியின் பங்கை விசைத்தறி பெருமளவு விழுங்கிவிட்டது என்ற குறையும் உண்டு. எனினும் இத்துணியை நெய்தவருக்கு என்ன கூலி என்று அரசு கேட்கிறது. இதனை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

ஆனால் அக்கேள்வி தறியோடு நின்றுவிடுகிறது. பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய நூல் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி கூட்டுறவு நூற்பாலைகளிலிருந்து வருகிறது. எஞ்சியது ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கப்படுகிறது. 1998 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், நிபந்தனைகளை நிறைவு செய்தோருள் குறைந்த விலை குறித்தவரையே தேர்கிறது. ஊழலைத் தடுக்க வந்த நல்ல சட்டம்தான். ஆயினும் விலை எவ்வாறு குறைந்தது என்று அது தானாகக் கேட்பதில்லை.

எவ்வாறு குறையும் என்பதை மதுரையைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியின் சிற்றூர்கள் அறியும். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்கலப் பெயரால் பருவப் பெண்களை மூன்றாண்டுகளுக்கு நூற்பாலை விடுதிகளில் சேர்த்தனர். மாதக் கூலியில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்து, இறுதியில் திருமணச் செலவுக்கு மொத்தமாகத் தருவதாக வாக்களித்தனர். இடையில் நோயுற்றுத் திரும்பியவள் அத்தொகையை இழந்தாள். விடுதி வாயிலைத் தாண்ட அனுமதி வேண்டும். எல்லா ஆலைகளும் இவ்வாறு நடந்தன என்று நாம் கூறவில்லை. ஒழுங்காகக் கூலி கொடுக்கும் ஆலை விலைப்போட்டியில் தோற்கும் என்பதே நம் கவலை.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளை எழுதுவது அரசே. கூலி மாதந்தோறும் பெண்ணின் கையில் சேர்ந்ததற்கான பதிவேடும், விடுதியைப் பார்வையிட்ட அதிகாரியின் சான்றும் இல்லாத ஆலையின் விலைப்புள்ளி பிரிக்கப்படாது என்று ஒரு வரி சேர்த்தால், நூலின் விலை கிலோவுக்குச் சில ரூபாய் ஏறக்கூடும். 1935 இல் கதர் வாங்கியவர்கள் அந்த ஏற்றத்தைத் தம் பையிலிருந்து கொடுத்தார்கள்.