ஒரு தலைவரா, ஒரு குழுவா? சிங்கப்பூர்ப் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் முதல் தலைமைக் குழு (1961–1968)

முன்னுரை

சிங்கப்பூரின் தொழில்மயம் பற்றிப் பேசப்படும் இடங்களில் அதனைத் தனிமனிதர் ஒருவரின் தொலைநோக்கோடு இணைத்துக் கூறுவது வழக்கமாகிவிட்டது. பிரதமர் லீ குவான் யூ, நிதி அமைச்சர் கோ கெங் சுவீ ஆகிய இருவருள் ஒருவர் அவ்வரலாற்றின் நாயகராக நிறுத்தப்படுகிறார். வகுப்பறையில் கற்பிப்பதற்கு இம்முறை எளிதானது. மாணவர் மனத்தில் ஒரு பெயர் பதிந்துவிடும். ஆயினும் ஒரு நாட்டின் பொருளியல் கொள்கை எவ்வாறு உருவாகி, சோதனைக்கு உள்ளாகித் திருத்தம் பெற்றது என்னும் வினாவிற்கு ஒரு பெயர் விடையாகாது.

இக்கட்டுரை, 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் நிறுவப்பெற்ற பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் முதல் ஏழாண்டுகளை எடுத்துக்கொண்டு, அதன் தலைமை எவ்வாறு பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது என்பதை ஆராய முற்படுகிறது. அக்கழகத்தின் வலிமை ஒருவரின் மேதைமையில் அன்று, வேலைப் பிரிவினையிலும் தவறிய கணக்கைத் திருத்திக்கொள்ளும் மனப்பாங்கிலும் இருந்தது என்பது நம் கருத்தாகும்.

கழகம் தோன்றிய சூழல்

1957-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 14 இலட்சத்து 46 ஆயிரம். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அது ஆண்டுக்கு 4 விழுக்காட்டிற்கும் மேலாகப் பெருகியிருந்தது. துறைமுகத்தையும் மறுஏற்றுமதி வணிகத்தையும் நம்பியிருந்த பொருளாதாரம், பள்ளியை விட்டு வெளிவந்த இளைஞர் அனைவருக்கும் வேலை தர இயலாத நிலையில் இருந்தது. 1957-இல் அமைக்கப்பட்ட தொழில் மேம்பாட்டு வாரியம் மிகக் குறைந்த முதலுடன் இயங்கியமையால் பெரும்பயன் விளையவில்லை. 1959-இல் ஆட்சிக்கு வந்த மக்கள் செயல் கட்சி அரசாங்கம், அதே ஆண்டில் முன்னோடித் தொழில்களுக்கு வரிவிலக்கு அளிக்கும் சட்டத்தை இயற்றியது. வரிவிலக்கு மட்டும் தொழிற்சாலைகளைக் கொணர்ந்துவிடாது என்பதை நிதி அமைச்சு உணர்ந்திருந்தது.

இந்நிலையில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உதவி நாடப்பட்டது. நெதர்லாந்து நாட்டுப் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையிலான ஆய்வுக்குழு 1960 அக்டோபரில் வந்து சேர்ந்தது. அக்குழுவின் செயலாளராக ஐ. எஃப். டாங் பணியாற்றினார். 1961 ஜூன் மாதத்தில் அதன் அறிக்கை அரசாங்கத்திடம் அளிக்கப்பட்டது. அடுத்த இரண்டு மாதங்களுக்குள் 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கீட்டுடன் கழகம் சட்டப்படி தோற்றுவிக்கப்பட்டது. அவ்வாண்டில் மட்டும் சிங்கப்பூரில் 116 வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன என்பதை நோக்கும்போது இவ்விரைவின் காரணம் விளங்கும்.

தலைமைக் குழுவின் அமைப்பு

இக்குழுவில் நால்வகைப் பொறுப்புகளை நாம் பிரித்துக் காணலாம்.

முதலாவது, அரசியல் பொறுப்பு. அதனை ஏற்றவர் மலாக்காவில் 1918-இல் பிறந்த கோ கெங் சுவீ. இலண்டன் பொருளியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்ற அவர், அமைச்சராவதற்கு முன்னர்ச் சமூகநலத் துறையில் பணியாற்றியவர். 1953–54-இல் சிங்கப்பூர் மக்களின் வருமானத்தையும் குடியிருப்பையும் பற்றிய கள ஆய்வை நடத்தியவர். வறுமையை அவர் கோட்பாட்டு நூல்களின் வழியாக மட்டுமன்றி, வீடு வீடாகத் திரட்டப்பட்ட புள்ளிவிவரங்களின் வழியாகவும் அறிந்திருந்தார். பணத்தைப் பெற்றுத் தருவதும், சட்டத்தை நிறைவேற்றுவதும், பொதுமக்களின் விமர்சனத்தைத் தாங்குவதும் அவர் பங்காயின.

இரண்டாவது, நிருவாகப் பொறுப்பு. பினாங்கில் 1916-இல் பிறந்த ஹோன் சுய் சென் கழகத்தின் முதல் தலைவரானார். 1939-இல் அரசாங்கப் பணியில் சேர்ந்த அவர், நில ஆணையராகவும் பின்னர் நிதி அமைச்சில் நிரந்தரச் செயலாளராகவும் விளங்கியவர். தொழிற்பேட்டை அமைப்பதற்கு முதலில் வேண்டுவது நிலம். நில நிருவாகத்தின் நுட்பங்களை அறிந்தவரே கழகத்தின் தலைவராகவும் அமைந்தது பொருத்தமான தேர்வு எனலாம். கழகம் ஓர் ஆணைபெற்ற கழகமாக அமைக்கப்பட்டதால், கடன் வழங்கவும் நிறுவனங்களில் பங்கு வாங்கவும் நிலத்தை மேம்படுத்தவும் அது அதிகாரம் பெற்றிருந்தது. அமைச்சுத் துறை ஒன்றுக்கு இத்தகைய நெகிழ்ச்சி கிட்டுவதரிது.

மூன்றாவது, ஆலோசனைப் பொறுப்பு. வின்செமியஸ் 1984 வரை பொருளியல் ஆலோசகராகத் தொடர்ந்தார். ஆண்டு முழுதும் சிங்கப்பூரில் தங்காமல் அவ்வப்போது வந்து நிலைமையை மதிப்பிட்டுச் சென்றமையால், உள்ளூர்ச் சார்புகளுக்கு அப்பால் நின்று பேச அவரால் இயன்றது. ராஃபிள்ஸ் சிலையை அகற்றலாகாது என அவர் கூறிய அறிவுரை பலரும் அறிந்ததே. குடியேற்ற ஆட்சியின் சின்னத்தைப் போற்றுவது அதன் நோக்கமன்று; வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அச்சமின்றி வரலாம் என்பதற்கு அச்சிலை ஓர் அறிகுறியாக நிற்கும் என்பதே அவர் கணிப்பு. ஆய்வுக்குழுவின் செயலாளராக வந்த டாங்கும் சிங்கப்பூரிலேயே தங்கிப் பணியைத் தொடர்ந்தார். தொடக்கக் கட்டத்தில் இஸ்ரேலைச் சேர்ந்த இ. ஜே. மேயரின் அனுபவமும் கழகத்திற்குத் துணைநின்றது.

நான்காவது, இளம் அதிகாரிகளின் பொறுப்பு. விண்ணப்பங்களை ஆராய்வதும், முதலீட்டாளர்களைச் சந்திப்பதும், திட்டங்களின் வரவுசெலவைக் கணக்கிடுவதும் இவர்களால் நிகழ்ந்தன. அவர்களுள் ஒருவர் எஸ். தனபாலன். பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று 1960-இல் நிதி அமைச்சில் சேர்ந்த அவர், 1961 முதல் 1968 வரை கழகத்தில் தொழில்துறைப் பொருளியலாளராகப் பணியாற்றினார். பின்னாளில் அவர் வெளியுறவு அமைச்சரானதும் தெமாசெக் நிறுவனத்தின் தலைவரானதும் நம் சமூகத்தில் பெருமையுடன் பேசப்படுகின்றன. அப்பெருமை நியாயமானதே. எனினும் தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடியெடுத்துப் பாராட்டுவதோடு நம் வரலாற்றுணர்வு நின்றுவிடலாகாது. எந்தத் திட்டத்திற்குப் பணம் தரலாம், எதற்குத் தரலாகாது என்று கணக்கிட்டுச் சொல்லும் பணி கழகத்தின் உயிர்நாடியாக இருந்தது என்பதை மாணவர்க்கு உணர்த்துவதே அவர்போன்ற அதிகாரிகளுக்கு நாம் செய்யும் முறையான மரியாதையாகும்.

ஜூரோங்கும் தொடக்கத் தோல்விகளும்

தீவின் மேற்கே சதுப்புநிலமும் குன்றுகளும் நிறைந்த ஜூரோங் பகுதியைத் தொழில்நகராக்கும் திட்டம் கழகத்தின் முதற்பெரும் பணியாயிற்று. 1962 செப்டம்பரில் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு அங்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு ஜப்பானிய நிறுவனமான இஷிகாவாஜிமா-ஹரிமாவின் கூட்டுறவில் ஜூரோங் கப்பல் பட்டறை உருவாயிற்று. எனினும் சாலைகளும் மின்சாரமும் குடிநீரும் வந்த பின்னரும், எதிர்பார்த்த அளவிற்குத் தொழிற்சாலைகள் வரவில்லை. மனைகள் பல வெறுமையாகக் கிடந்தன. இத்திட்டத்தைக் ‘கோவின் மடமை’ எனப் பலர் எள்ளினர். இது தோற்றால் அப்பெயரே நிலைத்துவிடும் என்பதைக் கோவும் அறிந்திருந்தார்.

கழகம் பங்குகொண்ட முயற்சிகள் சிலவும் நட்டத்தில் முடிந்தன. தொழில்நுட்ப அறிவு போதாமல் தொடங்கப்பட்ட பீங்கான் தொழிலும் காகித மறுசுழற்சித் தொழிலும் தோல்வியுற்றதை லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொள்கிறார். வெற்றிக் கதைகளில் இவை ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றன. ஆனால் ஒரு தலைமைக் குழுவின் தன்மை, அது தோல்வியை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைக் கொண்டே தெளிவாக வெளிப்படும். தொழில்நுட்பமும் சந்தையும் தம்மிடம் உள்ள நிறுவனங்களை வரவழைப்பதே பயன்தரும் என்னும் முடிவை நோக்கிக் கழகம் மெல்ல நகர்ந்தது.

1965: தவறிப்போன அடிப்படை

கழகத்தின் தொடக்கக் கணக்கு ஓர் எதிர்பார்ப்பின்மீது எழுப்பப்பட்டிருந்தது. மலாயாவுடன் இணைந்தால் பொதுச் சந்தை கிடைக்கும். சிங்கப்பூரில் உற்பத்தியாகும் பொருள்கள் தீபகற்பம் முழுவதும் விற்பனையாகும் என்பதே அது. உலக வங்கி சார்பில் ஜாக் ருயெஃப் தலைமையில் வந்த குழுவும் 1963-இல் பொதுச் சந்தையைப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியா உருவாயினும் பொதுச் சந்தை நடைமுறைக்கு வரவில்லை. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தபோது கழகத்தின் அடிப்படைக் கணக்கே பொய்த்துப்போயிற்று. கோ மலாக்காவிலும் ஹோன் பினாங்கிலும் பிறந்தவர்கள் என்பதை நினைவிற்கொண்டால், அப்பிரிவு இவர்களுக்கு வெறும் சந்தை இழப்பாக மட்டும் இருந்திருக்க இயலாது என உணரலாம்.

இவ்வேளையில் அரசியல் தலைமையும் மாறியது. கோ தற்காப்புப் பொறுப்பை ஏற்க, லிம் கிம் சான் நிதி அமைச்சரானார். 1967-இல் கோ மீண்டும் நிதி அமைச்சிற்குத் திரும்பினார். அமைச்சர்கள் மாறினும் ஹோன் தலைவராகவே நீடித்தார். அதிகாரிகள் தம் பணியைத் தொடர்ந்தனர். தலைமை ஒருவரிடம் குவியாமல் பலரிடம் பரவியிருந்ததன் பயனை இங்கு நாம் காண்கிறோம். உள்நாட்டுச் சந்தையை நம்பிய கொள்கை கைவிடப்பட்டு, உலகச் சந்தைக்கான ஏற்றுமதி முதன்மை பெற்றது. 1967-இல் இயற்றப்பட்ட பொருளியல் விரிவாக்க ஊக்குவிப்புச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட ஏற்றுமதி இலாபத்தின் மீதான வரியை 40 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைத்தது.

1968: பிரிந்து வளர்தல்

1968 சனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களை விரைவாக மூடப்போவதாக அறிவித்தது. நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்தது. தளங்களைப் பொருளியல் பயனுக்கு மாற்றும் பொறுப்பு ஹோனிடம் ஒப்படைக்கப்பட்டது. மலையாளிகளும் தமிழரும் பெருமளவில் வேலைசெய்து குடியிருந்த செம்பவாங் கடற்படைத்தளத்தின் பட்டறை, அவ்வாண்டே வணிகக் கப்பல் பட்டறையாக மாற்றப்பட்டது.

அதே ஆண்டில் கழகம் தன்னைத் தானே பகுத்துக்கொண்டது. தொழிற்பேட்டைப் பணி ஜூரோங் நகராண்மைக் கழகத்திற்குச் சென்றது. தொழில்கடன் வழங்கும் பணி சிங்கப்பூர் வளர்ச்சி வங்கிக்குச் சென்றது. அயல்வணிகத்திற்கென இன்ட்ராகோ நிறுவனம் தோன்றியது. ஹோன் புதிய வங்கியின் தலைவரானார். தனபாலனும் அவ்வங்கிக்கே சென்றார். பொருளியல் வளர்ச்சிக் கழகம் முதலீட்டை ஈர்க்கும் பணியை முதன்மையாகக் கொண்டது. அதன் தலைமையை டாங் ஏற்றார். ஆய்வுக்குழுவின் செயலாளராக வெளியிலிருந்து வந்தவர் எட்டாண்டுகளில் கழகத்தின் தலைவரானது, பிறப்பிடத்தைவிடப் பணியறிவு மதிக்கப்பட்டதற்குச் சான்றாகும். பொதுவாக நிறுவனங்கள் தம் அதிகாரத்தைப் பெருக்கிக்கொள்ள விழைவன. தன் நிலத்தையும் நிதியையும் பிறரிடம் ஒப்படைக்க இசைந்தமை இத்தலைமைக் குழுவின் தனிச்சிறப்பு என்பது நம் துணிபு.

தொழிலாளர் நோக்கில்

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் எழுதுவது முறையாகாது. அதே 1968-இல் வேலைவாய்ப்புச் சட்டமும் தொழிலுறவுத் திருத்தச் சட்டமும் நிறைவேறின. பதவி உயர்வு, இடமாற்றம், வேலைநீக்கம் போன்றவற்றைப் பற்றித் தொழிற்சங்கங்கள் பேரம்பேசும் உரிமை இவற்றால் குறுகியது. முதலீட்டாளரின் நம்பிக்கைக்குத் தரப்பட்ட விலையில் ஒரு பகுதியைத் தொழிலாளரே செலுத்தினர். நாம் மேலே கண்ட தலைமைக் குழுவினருள் தொழிற்சங்க மேடையிலிருந்து வந்தவர் எவருமிலர். 1972-இல் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பினரும் இடம்பெற்ற தேசியச் சம்பள மன்றம் அமைந்த பிறகே ஊதியக் கொள்கையில் அக்குரலுக்கு நிலையான இடம் வாய்த்தது. வேலையின்மை குறைந்ததும் உண்மை. உரிமை குறுகியதும் உண்மை. இரண்டையும் ஒருசேர எடைபோடுவதே வரலாற்றாசிரியரின் கடமை.

முடிவுரை

ஹோன் சுய் சென் 1970-இல் நிதி அமைச்சராகி, 1983-இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். அதற்குள் அவர் தொடங்கிவைத்த கழகம் தலைவர் பலரைக் கண்டுவிட்டது, பணி தடைப்படவில்லை. ஒரு தலைமை சிறந்ததா என்பதற்கு அதுவே தக்க அளவுகோல் என நாம் கருதுகிறோம். நிலமறிந்தவர், மக்கள் நிலையறிந்தவர், வெளியுலகறிந்தவர், கணக்கறிந்தவர் என வெவ்வேறு திறனுடையோர் ஒன்றுகூடியதே இவ்வேழாண்டு வரலாற்றின் சாரம். வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், ‘சிங்கப்பூரை உருவாக்கியவர் யார்?’ என்று வினவுவதோடு அமையாமல், ‘யார் யார் எப்பணியைச் செய்தனர்? அதன் சுமையை யார் தாங்கினர்?’ என்றும் வினவுவார்களாயின், மாணவர்கள் வரலாற்றின் உள்ளியக்கத்தை நெருங்கிக் காண்பர்.