செத்தவன் மேலயே பழி

"குடிச்சிட்டு எறங்குனான், செத்தான்." மலக்குழிச் சாவு நடந்த தெருவில் எங்க சனங்க காதில் முதலில் விழுவது இந்தப் பேச்சுதான். காண்ட்ராக்டர் வாயில் வந்த வெறும் சொல்லாக இதை நான் எடுத்துக்கொள்வதில்லை. செத்தவனையே சாவுக்குப் பொறுப்பாக்கும் இந்த நியாயத்துக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு.

இங்கிலாந்தில் ஒரு கசாப்புக்கடை வேலையாள், அதிக பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்து, முதலாளி மேல் வழக்குப் போட்டான். 1837இல் தீர்ப்பு முதலாளி பக்கம் போனது. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய், நீயே அனுபவி என்பதுதான் அதன் சாரம். 1897இல் அங்கே வந்த சட்டம் கேள்வியையே மாற்றியது. தப்பு யாருடையது என்பதை விட்டுவிட்டு, வேலையில் அடிபட்டானா என்று கேட்டது.

அந்த வழியில் 1923இல் இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. தன் தொழிலைச் சேர்ந்த வேலையைக் காண்ட்ராக்ட் விட்டவரும் பொறுப்பு என்றது. சாவு என்றால் குடியைக் காட்டித் தப்ப முடியாது என்கிற விதியும் அதில் இருந்தது.

இருந்தும் என்ன? மஸ்டர் ரோலில் பேரே இல்லாதவனைத் தொழிலாளி என்று நிரூபிக்க வேண்டியது அவன் பொஞ்சாதிதானே! குழிக்குள் இறங்குவதை வேலையாகவே இந்தச் சாதிச் சமூகம் எண்ணவில்லை. பிறப்போடு வந்த கடமையென்றே எண்ணியது. 1993இல் வந்த தடைச் சட்டமும் உலர் கழிப்பறையைப் பேசியது, பாதாளச் சாக்கடையை விட்டுவிட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் பாதுகாப்பில்லாமல் அதில் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 1993 முதல் அப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது.

பணம் செத்தவனைக் கொண்டுவராது. ஆனாலும் அது ஒரு கணக்கை மாற்றும். மனுஷ உயிர் மலிவாக இருக்கும்வரை மிஷின் கிராக்கிதான். உயிரின் விலை ஏறினால் அடுத்தவனை இறக்குமுன் ஒருவராவது யோசிப்பார்.

ஆனால் அந்தப் பணம் கஜானாவிலிருந்து போனால், மூடியைத் திறக்கச் சொன்ன அதிகாரிக்கு என்ன நஷ்டம்? வாய் உத்தரவுக்கு ரசீது கிடையாது. நஷ்டஈடு வாங்கியதோடு வழக்கை முடித்துவிடாமல், "எறங்குடா" என்று சொன்னது யார் என்று நாம் கேட்டாக வேண்டும். அந்தப் பெயர் குற்றப்பத்திரிகையில் ஏறாதவரை குழியின் மூடி திறந்தேதான் கிடக்கும்.