1870 ஆம் ஆண்டுப் பிரான்சு

1870 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி பிரெஞ்சு மக்கள் வாக்குச் சாவடிகளுக்குச் சென்றனர். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் செய்த அரசியற் சீர்திருத்தங்களை ஏற்கின்றனரா என்பதே அவர்முன் வைக்கப்பட்ட வினா. 73 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர்; மறுத்தோர் 15 இலட்சத்துக்குச் சற்று மேல். பாரிசு நகரில் எதிர்வாக்கே மிகுந்திருந்ததெனினும் அரண்மனையார் அதனைப் பொருட்படுத்தவில்லை. அரியணை இன்னொரு தலைமுறைக்கு உறுதியாயிற்று என்று மகிழ்ந்தனர். நான்கு மாதங்கள் நிறையுமுன், செப்டெம்பர் 2 ஆம் திகதி, அப் பேரரசர் பகைவர் கையிற் கைதியானார். 4 ஆம் திகதி பேரரசே மறைந்தது.

இவ் வீழ்ச்சிக்குப் படைபலக் குறைவே காரணம் என்று ஒரு சொல்லில் விடை கூறுவோர் உளர். அது பாதி விடை. மறு பாதி யூலை மாதத்துச் சில நாட்களில் அடங்கியிருக்கிறது.

ஸ்பெயின் மக்கள் 1868 இல் தம் அரசி இசபெல்லாவை நாட்டைவிட்டு அகற்றியிருந்தனர். வெறுமையாய்க் கிடந்த அரியணைக்கு ஹோஹென்சொல்லெர்ன் குடும்பத்து இளவரசர் லியோபோல்ட் அழைக்கப்படுகிறார் என்ற செய்தி 1870 யூலைத் தொடக்கத்தில் பாரிசை எட்டியது. பிரஷிய மன்னரும் அக் குடும்பத்தவரே. கிழக்கிலும் தெற்கிலும் ஒரே குடும்பம் ஆள்வதைப் பிரான்சு பொறுக்குமா? வெளிநாட்டமைச்சர் கிரமோன் 6 ஆம் திகதி சட்டசபையிற் கடுமொழி பேசினார். 12 ஆம் திகதி இளவரசரின் தந்தை, தம் மகனுக்கு அம் முடி வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்.

ஒரு குண்டும் வெடிக்காமற் கிடைத்த வெற்றி இது. இவ்வளவில் நின்றிருந்தால் அவ் யூலை மாதத்தை இன்று எவரும் நினைவுகூர மாட்டார். கிரமோனுக்கு இது போதவில்லை. இனி எக்காலத்திலும் இவ்வுரிமை கோரப்படமாட்டாது என்று பிரஷிய மன்னர் வில்லியம் தாமே உறுதி தரவேண்டுமென்று தூதர் பெனதெத்தியைப் பணித்தார். மன்னர் அப்போது எம்ஸ் என்னும் மருத்துவ நீரூற்று நகரில் ஓய்விலிருந்தார். 13 ஆம் திகதி காலை உலாவுமிடத்தில் தூதர் அவரைக் கண்டு வற்புறுத்தினார். மன்னர் மரியாதையாகவே மறுத்தார். பின்னர், இளவரசர் விலகிய செய்தி தமக்கும் கிடைத்துவிட்டது, இனிச் சொல்லுதற்கு வேறொன்றில்லை என்று தம் மெய்க்காவல் அதிகாரி மூலம் தெரிவித்தார்.

இவ்விவரம் தந்தியாகப் பேர்லின் சென்றது. அங்கே பிஸ்மார்க், தளபதி மொல்ற்கே, போரமைச்சர் ரூன் ஆகிய இருவருடனும் உணவருந்திக்கொண்டிருந்தார். அத் தந்தியைச் சுருக்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நிகழ்ச்சி நிகழ்ச்சியாகவே இருந்தது. அதிலிருந்த மரியாதை மட்டும் மறைந்துவிட்டது. படித்த ஜெர்மானியருக்குத் தம் மன்னரை ஒரு தூதர் தொல்லைப்படுத்தியதாகத் தோன்றிற்று. பிரெஞ்சுக்காரருக்குத் தம் தூதரை மன்னர் விரட்டியதாகத் தோன்றிற்று. போதாததற்கு, ஜெர்மன் மொழியில் மன்னரின் உயர் அதிகாரியைக் குறிக்கும் சொல்லைப் பாரிசில் மொழிபெயர்க்காது விட்டுவிட்டனர். பிரெஞ்சில் அச்சொல் சிறுநிலைப் படைவீரன் ஒருவனையே குறிக்கும். மொழிபெயர்ப்புத் தொழிலை எளிதென்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

15 ஆம் திகதி சட்டசபை கூடியது. எழுபத்துமூன்று வயதுத் தியேர் எழுந்து, நாம் கேட்டது கிடைத்துவிட்டதே, பின் எதற்காகப் போர் என்று வினவினார். கூச்சலும் வசையும் அவர்மீது பொழிந்தன. அவமதிப்பு நிகழ்ந்தது என்பதற்குச் சான்றான கடிதங்களைச் சபைமுன் வைக்கவேண்டுமென்ற பிரேரணை 84 வாக்குக்கு எதிராக 159 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. என் கருத்தில், செடான் போர்க்களத்துத் தோல்வியிலும் இவ் வாக்கெடுப்பே பெரிய தோல்வி. முதன்மை அமைச்சர் ஒலிவியே, இப்பொறுப்பை இலேசான உள்ளத்துடன் ஏற்பதாகக் கூறினார். மனச்சாட்சி உறுத்தாத உள்ளம் என்பதே தாம் கருதிய பொருள் என உடனே விளக்கினார். கேட்டோர் மனத்தில் நின்றது முதற்சொல் மட்டுமே. 19 ஆம் திகதி போர்ப்பிரகடனம் பேர்லினிற் கையளிக்கப்பட்டது.

பிரெஞ்சுக் காலாட்படையின் சஸ்போ துப்பாக்கி, பிரஷியத் துப்பாக்கியிலும் நெடுந்தூரம் சுடவல்லது. ஆனால் குருப் ஆலையின் உருக்குப் பீரங்கிகளுக்கும், புகையிரதப் பாதைகளைக் கணக்கிட்டுப் படைதிரட்டிய மொல்ற்கேயின் திட்டத்துக்கும் ஈடு பிரான்சிடம் இல்லை. துணைவரும் இலர். பெல்ஜியத்தைப் பிரான்சு விழுங்குவதற்கென 1866 இல் பெனதெத்தி தம் கைப்பட எழுதிய வரைவைப் பிஸ்மார்க் பாதுகாத்து வைத்திருந்தார். அது யூலை 25 இல் இலண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவரவே, ஆங்கிலேயரின் அனுதாபமும் அகன்றது. ஓகஸ்ட் மாதம் தோல்விமேல் தோல்வி. ஒலிவியே பதவியிழந்தார். செடானிற் பேரரசருடன் ஏறக்குறைய ஓரிலட்சம் வீரர் சரணடைந்தனர்.

குடியரசு தோன்றியபின்னும் போர் ஓயவில்லை. ஓரங்குல நிலமும் ஒரு கோட்டைக் கல்லும் தரோம் என்றார் புதிய வெளிநாட்டமைச்சர் பாவ்ர். செப்டெம்பர் 19 முதல் பாரிசு முற்றுகையில் அகப்பட்டது. ஒக்டோபர் 7 ஆம் திகதி கம்பெத்தா பலூனிலேறிப் பகைவர் அணிகளைக் கடந்து சென்று மாகாணங்களிற் புதுப்படை திரட்டினார். அம்மாத இறுதியில், மெட்சு கோட்டையில் இருந்த பெரும்படையுடன் பசேன் சரணடைந்தது அம் முயற்சிக்குப் பேரிடியாயிற்று. டிசெம்பர் முடிவில் பாரிசு மக்கள் குதிரையிறைச்சிக்கும் வரிசையில் நின்றனர்; விலங்குக் காட்சிச்சாலை யானைகள் இரண்டும் உணவாயின.

யூலையில் வசைகேட்ட அதே தியேர், இலையுதிர் காலத்தில் இலண்டன், வியன்னா, பீற்றர்ஸ்பர்க், புளோரன்சு என அரண்மனைதோறும் சென்று உதவி கேட்டார். எங்கும் இன்சொல் கிடைத்தது, உதவி கிடைக்கவில்லை. இத்தாலியோ, பிரெஞ்சுப் படை நீங்கிய உரோமை நகரைச் செப்டெம்பர் 20 இல் கைப்பற்றியது. கருங்கடலிற் கப்பற்படை வைக்கலாகாதென்ற பழைய உடன்படிக்கையை இரஷியா ஒக்டோபரில் உதறித் தள்ளியது. 1871 பெப்ரவரியில் அல்சாசையும் லொறேனின் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்து, 500 கோடி பிராங்க் இழப்பீடும் தர ஒப்பிய பூர்வாங்க உடன்படிக்கையிற் கைச்சாத்திடும் கடமையும் தியேர் தலையிலேயே விழுந்தது.

ஒலிவியே 1913 வரை உயிரோடிருந்தார். தம் ஆட்சியின் வரலாற்றைப் பதினேழு தொகுதிகளாக எழுதினார்.