மூலப்படமே சான்று: கோலார் தங்கவயலின் வீட்டு ஒளிப்படங்கள்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் எண்களால் எழுதப்பட்ட வரலாறு. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அடியெடுத்து வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, வெட்டியெடுத்த பொன்னின் எடையும் சுரங்கத்தின் ஆழமும் முறையாகப் பதிவாகியுள்ளன. வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்று அந்தப் பொன்னை எடுத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களோ நிர்வாகப் பதிவேடுகளில் எண்ணாகவும் கைரேகையாகவுமே எஞ்சியுள்ளனர். கட்டாய விரல்ரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் அவர்கள் வேலைநிறுத்தமே செய்தனர்.

அவர்களின் முகங்கள் வேறோர் ஆவணத்தில் இருக்கின்றன. அது, தொழிலாளர் குடியிருப்பு 'லைன்' வீடுகளின் சுவர்களில் தொங்கிய ஒளிப்படம். ஸ்டுடியோவில் மாலையும் கழுத்துமாக நின்ற மணமக்கள், கடன் வாங்கிய கோட்டு அணிந்த இளைஞர், மடியில் குழந்தையுடன் தாய் என அவர்கள் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு இவையே சான்று. அட்டையின் அடியிலுள்ள ஸ்டுடியோ முத்திரை, பின்புறம் எழுதிய தேதி, ஓரத்துக் கறை ஆகியவையும் ஆய்வாளருக்குச் செய்திகளே.

சுரங்கம் மூடப்பட்டபின் பலர் மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றனர். பலர் ஊரையே விட்டனர். குடும்பங்கள் பிரிய, படங்கள் கைபேசிகளுக்கு இடம்பெயர்கின்றன. இழப்பு நேர்வது இங்கேதான். படியெடுத்த படத்தைப் பொலிவாக்க எண்ணி ஓரம் வெட்டுகின்றனர், முத்திரை போய்விடுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலி மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதாகக் கூறி, இல்லாத கண்ணிமையையும் தோல்நிறத்தையும் ஊகித்து வரைகிறது. திருத்திய படத்தை அதே பெயரில் சேமித்தவுடன் மூலக்கோப்பு அழிகிறது. தாள்படத்தையும் எறிந்துவிட்டால், எஞ்சுவது மூதாதையரைப் போன்ற ஒருவரின் படம் மட்டுமே.

மீட்பு சில வேளைகளில் இயலும். பல கைபேசிச் செயலிகள் மூலத்தைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் குறித்துவைக்கின்றன. அவற்றில் 'ரிவர்ட்' ஆணை பழைய படத்தைத் திருப்பித் தரும். விண்டோஸின் 'ஃபைல் ஹிஸ்டரி'யும் மேக்கின் 'டைம் மெஷி'னும் முன்னரே இயக்கப்பட்டிருந்தால் முந்தைய நிலையைக் காட்டும். நினைவக அட்டையிலிருந்து அழிந்த படத்தை, அதன்மேல் புதியது எழுதப்படாதவரை, 'போட்டோரெக்' போன்ற மென்பொருளால் தேடலாம். அதுவரை அட்டையைப் பயன்படுத்தாதிருக்க வேண்டும். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படி கிடைத்தாலும், அது பெரும்பாலும் சுருக்கப்பட்டதாகவே இருக்கும்.

ஒளிப்படம் நிலைக்க வேண்டுமே என்ற கவலை புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆல்புமின் படங்கள் மங்காதிருக்க அவற்றைத் தங்கக் குளோரைடுக் கரைசலில் தோய்த்தனர். எண்ணிமப் படத்திற்கு அத்தகைய பூச்சு இல்லை. படிகளின் எண்ணிக்கையே காப்பு. ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இதற்கு எளிய வழி: மூன்று படிகள், இரு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒரு படி வேறிடத்தில். மேகச் சேமிப்பில் தானே ஒத்திசையும் கோப்புறையை மட்டும் நம்புவது போதாது. ஓரிடத்தில் நேர்ந்த பிழையை அது எல்லா இடத்துக்கும் கொண்டுசெல்லும்.

தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தின் துணையுடன் எண்ணிமமாக்கியது. அத்திட்டத்தின் விதிப்படி மூலம் தோன்றிய நாட்டிலேயே இருக்கும்; எண்ணிமப் படிகள் உள்ளூரிலும் லண்டனிலும் காக்கப்படும். தங்கவயல் குடும்பங்களும் இந்த ஒழுங்கைச் சிறு அளவில் பின்பற்ற இயலும். படத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் வெட்டாமல் படியெடுத்து, அதை 'மூலம்' என்று பெயரிட்டுப் பூட்டிவைத்து, திருத்தங்களை வேறொரு படியில் செய்தல் போதும். நிர்வாகம் எண்ணாகக் கண்ட மனிதரை வரலாறு முகமாகக் காண்பதற்கு அந்தத் திருத்தப்படாத படியே ஆதாரம்.